பொருள், மெய், முதல்: பொருள்முதல்வாதம் பற்றி ஒரு கடப்புறத்துக் குறிப்பு

"அவன் சரியான மெட்டீரியலிஸ்ட்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் நமக்கு என்ன தோன்றும்? ரெண்டு மாடி வீடு, புது கார், வருஷத்துக்கு ஒரு போன். காசு தவிர வேற நினைப்பே இல்லாத ஆள். ஆனால் தத்துவப் புத்தகத்தில் அதே சொல் வந்தால் அர்த்தம் முழுக்க வேறு. உலகம் பருப்பொருளால் ஆனது, உயிரும் உணர்வும் நினைப்பும் அந்தப் பொருளின் சேர்க்கையிலிருந்தே வந்தன என்று நம்புகிறவர் அங்கே மெட்டீரியலிஸ்ட். அவர் ஒரு வேட்டியோடு வாழ்ந்தாலும் மெட்டீரியலிஸ்ட்தான்.

ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த ரெண்டு அர்த்தமும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பது தற்செயல் இல்லை என்பது என் கருத்து. அந்தக் குழப்பத்தால் சிலருக்கு லாபம் இருந்திருக்கிறது, சிலருக்கு நஷ்டம் வந்திருக்கிறது. அதைப் பழைய நூல்களில் தொடங்கி எங்கள் இனயம் கடற்கரை வரை கொண்டுவந்து பார்க்க முயல்கிறேன்.

மூன்று தமிழ்ச் சொற்கள்

முதலில் நம் மொழியிலேயே இருக்கிற வேடிக்கையைப் பாருங்க. 'பொருள்' என்றால் கையில் பிடிக்கும் பண்டம். பொருள் என்றால் செல்வம். பொருள் என்றால் சொல்லின் அர்த்தமும்தான். தொல்காப்பியத்தின் மூன்றாவது அதிகாரம் பொருளதிகாரம். அங்கே பொருள் என்பது வாழ்க்கையின் உள்ளடக்கம். திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில் இருக்கின்றன. அரசு, நாடு, அரண், உழவு, நட்பு எல்லாம் அதற்குள் அடங்கும். வள்ளுவருக்குப் பொருள் ஒரு கெட்ட வார்த்தையாகப் படவில்லை.

அடுத்தது 'மெய்'. மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மை. உடம்பையும் உண்மையையும் ஒரே ஒலியால் குறிக்கும் மொழி நம்முடையது. இந்தச் சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

மூன்றாவது 'முதல்'. மார்க்சிய நூல்களை மொழிபெயர்த்தவர்கள் மெட்டீரியலிசத்துக்குப் பொருள்முதல்வாதம் என்று பெயர் வைத்தார்கள். ஐடியலிசம் கருத்துமுதல்வாதம் ஆனது. எது முதலில், பொருளா கருத்தா என்பதுதான் அந்தச் சண்டை. ஆனால் கடைக்காரர் காதில் 'முதல்' விழுந்தால் அது போட்ட காசு. பொருளையும் முதலையும் சேர்த்துக் கேட்டால் வியாபாரக் கொள்கை என்றுதான் அவர் நினைப்பார். பெயரிலேயே குழப்பத்துக்கு வழி இருக்கு.

கம்பளி போர்த்திய பொருள்முதல்வாதி

புத்தர் காலத்தில் வாழ்ந்த ஆறு ஆசிரியர்களைப் பற்றிப் பாலி நூலான தீக நிகாயத்தில் ஒரு சுத்தம் பேசுகிறது. அதில் ஒருவர் அஜித கேசகம்பலி. மனிதன் நான்கு பூதங்களால் ஆனவன், செத்தால் மண் மண்ணோடும் நீர் நீரோடும் போய்ச் சேரும், அதற்கப்பால் ஒன்றும் இல்லை என்பது அவர் கொள்கை. தானத்துக்கும் வேள்விக்கும் மறுமையில் பலன் இல்லை என்றும் சொன்னவர்.

அவர் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கேசகம்பலி என்றால் மயிரால் நெய்த கம்பளி போர்த்தியவர். உறுத்துகிற, யாரும் விரும்பாத போர்வை அது. அதாவது நம் மரபில் நமக்குத் தெரிகிற மிகப் பழைய பொருள்முதல்வாதிகளில் ஒருவர் துறவி! சுகபோகத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

கிரேக்கத்திலும் இதே கதைதான். அணுக்களும் வெற்றிடமும்தான் உலகம் என்ற எபிகூரஸின் பெயர் இன்று விதவிதமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பட்டமாகிவிட்டது. அவரோ ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று இருந்தவர். விருந்து மாதிரி சாப்பிட வேண்டும் என்று தோன்றும் நாளுக்காக ஒரு சின்னச் சட்டி பாலாடைக்கட்டி அனுப்பச் சொல்லி நண்பருக்கு எழுதினார் என்று டயோஜெனிஸ் லேர்ஷியஸ் பதிவு செய்திருக்கிறார். இளம் மார்க்ஸ் 1841இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதும் இந்த எபிகூரஸையும் அவருக்கு முந்திய டெமாக்ரிட்டஸையும்தான்.

அப்படியானால் இவர்கள் தின்று குடித்துத் திரிகிறவர்கள் என்ற பெயர் எப்படி வந்தது? எதிராளி எழுதி வைத்ததால் வந்தது. இந்தியாவில் உலகாயதர்கள் எழுதியவை பெரும்பாலும் கிடைக்கவில்லை. அவர்களை மறுத்தவர்களின் நூல்களில்தான் அவர்கள் வாழ்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதர்சன சங்கிரகம் சார்வாகர்களில் தொடங்குகிறது. கடன்பட்டாவது நெய் குடிக்கச் சொன்னவர்கள் என்ற கேலி அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. தமிழில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் பரபக்கமும் உலகாயதனைத்தான் முதலில் கூப்பிட்டு மறுக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு மென்பொருளை அதன் பக் ரிப்போர்ட்டை மட்டும் படித்து மதிப்பிடுவது மாதிரி.

இதில் ஓர் உள்நோக்கமும் இருக்கு. வேள்விக்குப் பலன் இல்லை என்கிறவனோடு வாதாடி ஜெயிப்பதைவிட, "அவன் நெய்க்கு அலைகிறவன்" என்று சொல்லிவிடுவது சுலபம். எங்கெல்ஸ் 1886இல் ஃபாயர்பாக் பற்றி எழுதும்போது இதே புகாரைச் சொல்கிறார்: பெருந்தீனி, குடி, பேராசை என்று தான் ரகசியமாகச் செய்வதையெல்லாம் சாதாரண மேட்டுக்குடி ஆசாமி மெட்டீரியலிசம் என்ற பெயரில் அடுத்தவன் தலையில் கட்டுகிறான் என்று. நம் ஊர் நிலவரமும் ஐரோப்பிய நிலவரமும் எவ்வளவு ஒத்துப்போகுது பாருங்க.

மணிமேகலை கேட்ட கேள்வி

தமிழில் பொருள்முதல்வாதிக்கு நேர்மையாக இடம் கொடுத்த நூல் மணிமேகலை. வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரிடமும் மணிமேகலை கொள்கை கேட்கும் காதையில் ஒரு பூதவாதி வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் சேர்த்தால் கள்ளின் போதை பிறப்பது போல, பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது என்கிறான். கருப்பட்டியும் கள்ளும் தெரிந்த எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூவில் போதை இல்லை, வெல்லத்தில் போதை இல்லை, சேர்ந்து புளித்தால் வருகிறது. ஒரு டிரான்சிஸ்டருக்குள் எந்தச் செயலியும் கிடையாது, கோடிக்கணக்கில் சேர்த்தால் கணினி ஓடுகிறதே, அது மாதிரி. இன்றும் மூளை ஆராய்ச்சிக்காரர்கள் விவாதிக்கிற கேள்வியின் பழைய வடிவம் அது.

கண்ணால் கண்டதே அளவை, அனுமானத்தை ஏற்க மாட்டேன், இந்தப் பிறப்பும் இதன் பயனும் மட்டுமே உண்டு என்பது அவன் கட்சி. மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? நீ பிறந்ததை நீ பார்க்கவில்லையே என்று அர்த்தம்.

அருமையான கேள்வி. பொருள்முதல்வாதத்தின் பிற்காலப் பள்ளிகள் அனுமானத்தை ஒதுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அணுவை ஏற்க அனுமானம் இல்லாமல் முடியாது. ஆனால் "கண்ணால் காட்டு, அப்புறம் பேசு" என்ற பூதவாதியின் பிடிவாதம் இன்னும் வாழ்கிறது. எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

சிங்காரவேலரும் பூதப்பாண்டிக்காரரும்

நவீன தமிழில் இந்தச் சிந்தனை அச்சுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். சென்னை இலௌகிக சங்கத்தார் 1880களில் 'தத்துவவிவேசினி' என்ற இதழை நடத்தினார்கள். பெயரைக் கவனியுங்க: இலௌகிகம். வீட்டில் "லௌகீக வாழ்க்கை" என்று பெருமூச்சோடு சொல்கிறோமே, அதையே ஒரு கொள்கையின் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த தலைமுறையில் ம. சிங்காரவேலர். 1860இல் சென்னையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடியவர், 1925இல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். 1930களில் 'குடிஅரசு' இதழில் விஞ்ஞானமும் பொருள்முதல்வாதமும் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஒரு கடற்கரைச் சமூகத்தின் பிள்ளை, படித்த தமிழருக்கு உலகம் எதனால் ஆனது என்று விளக்கியது எங்களைப் போன்றவர்கள் பெருமையோடு நினைவுகூர வேண்டிய விஷயம். எங்கள் ஊர்களில் அவர் பெயரைப் பலருக்குத் தெரியாது.

எங்கள் ஜில்லாவிலேயே பிறந்தவர் ப. ஜீவானந்தம். நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907இல் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர். காந்தியத்தில் தொடங்கி, சுயமரியாதை வழியாகக் கம்யூனிசத்துக்கு வந்தார். 'நான் நாத்திகன் ஏன்?' என்ற பகத்சிங்கின் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகக் கைதானார். 1952இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றம் போனார். கடைசிவரை தாம்பரத்தில் குடிசை வீட்டில் வாழ்ந்து 1963இல் இறந்தார்.

சிராவயலில் அவர் நடத்திய ஆசிரமத்துக்கு 1927இல் காந்தி வந்தபோது நடந்ததாக ஒரு கதை வழங்கி வருகிறது. உங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது என்று காந்தி கேட்டாராம். இந்த நாடுதான் என் சொத்து என்றாராம் ஜீவா. நீங்கள்தான் நாட்டின் சொத்து என்றாராம் காந்தி. எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்ததோ என்னவோ, ஜனங்கள் அந்தக் கதையை விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கு. பொருளே முதல் என்று பிற்காலத்தில் ஊர் ஊராகப் பேசியவரிடம் பொருள் இல்லை. அவரே மேடையில் கம்பனை மணிக்கணக்காகப் பேசினார், பாரதியைப் பாடினார். பொருள்முதல்வாதி என்றால் அழகும் அன்பும் தெரியாத வறட்டு ஆள் என்ற எண்ணத்துக்கு ஜீவா ஒரு பதில்.

நகை எதுக்கு?

இனி அன்றாட அர்த்தத்துக்கு வருவோம். வெளியூர்க்காரர் எங்கள் கடப்புறத்துக்கு வந்தால் சொல்கிற குறை ஒன்று உண்டு: "உங்க ஆளுகளுக்கு நகை மோகம் ஜாஸ்தி. கல்யாணம்னா பவுன் கணக்குதான்." பார்வைக்கு உண்மைதான். வளைகுடாக் காசு வந்த பிறகு வீடுகளும் பெரிசாகிவிட்டன. இது மெட்டீரியலிசம் தானே?

இங்கேதான் முதல் அர்த்தத்தை எடுத்து இரண்டாம் அர்த்தத்தைப் பரிசோதிக்கலாம். பொருள்முதல்வாதம் ஒரு ஆராய்ச்சி முறையும்கூட. ஜனங்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று கேட்டால், குணத்தைப் பார்க்கும் முன் அவர்கள் சோறு எங்கிருந்து வருகிறது என்று பார் என்று அது சொல்கிறது.

மீனவனுக்கு நிலம் இல்லை. கடலுக்குப் பட்டா இல்லை. வள்ளமும் எஞ்சினும் வலையும் வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்குகிற சாமான்கள். இன்றைக்குப் பத்துப் பேர் பசியாறலாம், நாளைக்கு டீசல் காசும் தேறாது. விடியக்காலம் கடலுக்குப் போக முந்தின ராத்திரியே காசு வேணும். ஒரு மணி நேரத்தில் காசாகிற, குடும்பத்துக் கையிலேயே இருக்கிற, விலை அதிகம் விழாத ஒரே சாமான் நகை. அடகுக் கடைக்குப் போய் வருகிற வளையல்தான் எங்கள் ஊர் வங்கிக் கணக்கு. வயல்காரன் கையில் பத்திரம் இருப்பது போல இவன் வீட்டில் பவுன்.

இப்படிச் சொல்வதால் வரதட்சணை நியாயமாகிவிடாது. பொம்பிளைப் பிள்ளை பெற்ற வீடுகளை அந்தப் பவுன் கணக்கு நசுக்குவதும் நிஜம். விளக்கம் வேறு, நியாயம் வேறு. ஆனால் "ஆசை பிடித்த ஜனம்" என்று முத்திரை குத்திவிட்டால் விளக்கம் தேடும் வேலையே நின்றுபோகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே மீனவர் கடலுக்குள் போனால் கோவில் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலை உச்சியையும் நேர்கோட்டில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத பார் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவார். நீரோட்டம், காற்று, தண்ணீரின் நிறம் எல்லாம் அவருக்கு அளவைகள். கழுத்தில் ஜெபமாலை இருக்கும், படகுக்கு ஆசீர்வாதம் வாங்கியிருப்பார். நம்பிக்கையில் அவர் பொருள்முதல்வாதி இல்லை. வேலையில் அவரைவிடப் பெரிய பொருள்முதல்வாதி யாரும் இல்லை. ரெண்டும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருக்கு.

மெய் கிடைக்காத மரணம்

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலில் அடித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி கடற்கரை ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்க, காணாமல் போனவர்களைக் கணக்கில் எடுங்க என்பதுதான் கோரிக்கை.

கணக்கில் எடுப்பதில்தான் சிக்கல். காணாமல் போனவர் இறந்தவர் என்று கொள்ள 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு ஏழு வருடம் கேட்டது. உடல் இருந்தால் இறப்புச் சான்றிதழ், இல்லாவிட்டால் காத்திரு. மெய் இல்லாமல் மெய் இல்லை! பூதவாதியின் "கண்ணால் காட்டு" இப்போது அரசு அலுவலக மேஜையில் உட்கார்ந்திருந்தது. மணிமேகலையின் பக்கம் நின்றவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். இந்தப் படகில் போனார், அதே படகில் போன இன்னாரின் உடல் ஒதுங்கியது, இத்தனை நாளாச்சு, இனி வரமாட்டார்: இதெல்லாம் அனுமானம்தான். ஆனால் இதைவிட உறுதியான அறிவு வேறு என்ன? கடைசியில் ஏழு வருட விதியைத் தளர்த்தி அரசு அந்த அனுமானத்தை ஏற்றது.

கரை ஒதுங்கிய உடல்களை முகம் பார்த்து அடையாளம் காண முடியவில்லை. டிஎன்ஏ சோதனை செய்துதான் குடும்பத்தோடு பொருத்தினார்கள். உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய் என்ற பழைய கேள்விக்கு, பொருளுக்குள் எழுதியிருந்த ஒரு பதில் கிடைத்தது, யாரும் அப்படியொரு சந்தர்ப்பத்தில் கேட்க விரும்பாத பதில்.

இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். உடனே ஒரு பேச்சு கிளம்பியது: "காசுக்காகத்தானே இந்தக் கூட்டம்?" நெய்க்கு அலைகிறவன் என்ற பழைய ஏச்சு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. தகப்பன் போன வீட்டில் படகுக் கடனும் பிள்ளையின் காலேஜ் பீஸும் பொருள்தான். அதைக் கேட்பது பொருளாசை ஆகுமா?

மணலும் பொருள்தான்

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் அப்போது கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. குளச்சலுக்குக் கிழக்கே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. முதல் உலகப்போரோடு தொழில் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போய், இன்று மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் அங்கே மணல் எடுக்கிறது.

2016 ஜூலையில் இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஊர்கள் எதிர்த்தன. திட்டம் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்ந்தது. பிறகு கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தது. மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு எல்லாம் பட்டியலில். 2024 அக்டோபர் 1ஆம் தேதிக்கு அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது.

இந்த விவாதங்களில் சொற்கள் எப்படிப் பங்கு பிரிக்கப்படுகின்றன என்று பாருங்க. மணலை டன் கணக்கில் விலை போட்டால் அதற்குப் பெயர் வளர்ச்சி. அந்த மணலில் வலை உலர்த்துகிறவர், மீன் காயப்போடுகிறவர், கதிர்வீச்சைப் பற்றிக் கேட்கிறவர் இழப்பீடு என்று வாயைத் திறந்தால் "பணத்தாசை". வேண்டாம் என்று சொன்னால் "பழமைவாதம்". ரெண்டு தரப்பும் பொருளைப் பற்றித்தான் பேசுகின்றன. ஒரு தரப்புக்கு அது பிரித்தெடுத்து விற்கும் தாது. இன்னொரு தரப்புக்கு அது கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர், தொழிற்கூடம், பிள்ளைகள் விளையாடும் இடம். தோரியம், கேன்சர், கடலரிப்பு எல்லாம் பொருள் சார்ந்த கேள்விகளே. அவற்றுக்கு அளந்து பார்த்துச் சொல்லும் பதில்தான் வேண்டும். ஆசைப்படுகிறாய் என்பதும் நாட்டுக்காகத் தியாகம் பண்ணு என்பதும் பதில் ஆகாது.

ஆகவே யாராவது யாரையாவது மெட்டீரியலிஸ்ட் என்று திட்டும்போது ரெண்டு விஷயம் கேட்டுப் பார்க்கலாம். திட்டுகிறவர் தத்துவத்தைச் சொல்கிறாரா, ஆசையைச் சொல்கிறாரா? திட்டு வாங்குகிறவர் கேட்பது நெய்யா, சோறா? உலகம் பொருளால் ஆனதா, அதற்கு மேல் ஒன்று உண்டா என்ற கேள்வியில் நாம் எந்தப் பக்கமும் நிற்கலாம்; பூதவாதியும் மணிமேகலையும் ஒரே காதையில் இருக்க இடம் கொடுத்த மரபு நம்முடையது. ஆனால் அடுத்தவன் உடம்புக்கும் சோற்றுக்கும் கடற்கரைக்கும் மதிப்பு உண்டு என்பதை ஏற்க எந்தத் தத்துவமும் தேவையில்லை. 'மெய்' என்ற சொல்லிலேயே நம்ம பாஷை அதைச் சொல்லி வைத்திருக்கு.